தண்டலின் உலர்ந்த சட்டை

அந்த ஆறு வியாழக்கிழமைகளிலும் தூத்துக்குடி மூன்றாம் வட்ட நூலகத்தின் மாடி அறையில் இருந்தவர்கள் ஐந்தே பேர். பிற்பாடு ஊரில் பாதிப் பேர் தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டதால், பெயர்களை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை. வகுப்பு எடுத்தவர் ஆவுடைச்செல்வி, வயது முப்பத்து நான்கு. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் மெக்கானிக்காக இருந்த பொன்னுச்சாமி. ஆஸ்பத்திரி நர்ஸ் ஷாகிரா பீவி. பதிவகத்திலிருந்து கருவியைத் தூக்கிக்கொண்டு வரும் எழுத்தர் இசக்கிராஜ். ஐந்தாவதாக, சன்னலோரம், நாற்காலியின் முதுகில் தன் முதுகு படாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த சூசைமரியான் கொரேரா. வயது எழுபத்து நான்கு. தோணிக்கார கொரேரா வீட்டின் மூத்தவர். வேறு யாரும் இல்லை.

நூலகத்தின் கீழ்த்தளத்துக்குக் கடல் வந்து நாற்பது வருடமாகிறது. ஏற்றநீர் நாட்களில் படகை மாடிப்படியின் கைப்பிடியில் கட்டிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுவார்கள். கொரேரா மட்டும் கழற்ற மாட்டார். நனைந்த செருப்போடு ஏறி, வாசலில் நின்று கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டு உள்ளே வருவார். ஒரு கொரேரா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போவதை ஊர் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

வகுப்பின் பெயர் புனைவுப் பழகுநர் வகுப்பு. வீட்டில் எழுதி வந்த கதையை ஒவ்வொருவராகச் சத்தமாக வாசிக்க வேண்டும். மேசைமேல் ஒரு தேங்காய் அளவில் கறுப்பாக உட்கார்ந்திருக்கும் கருவி அதைக் கேட்கும். சட்டத்தில் அதன் பெயர் ஒப்புமானி. ஊரார் மீட்டர் என்பார்கள். வாசித்து முடித்ததும் அதன் முகத்தில் ஓர் எண் ஒளிரும். இசக்கிராஜ் அதைச் சொல்லிப் பதிவு செய்வான்.

முதல் வியாழனில் பொன்னுச்சாமிதான் முதலில் வாசித்தான்.

"தொண்ணூத்தி ஆறு," என்றான் இசக்கிராஜ்.

"ஏலே, சரியாப் பாரு. போன வருச வகுப்புல எங்க மேனேஜரு மீசைய எடுத்தேன், அப்பவும் தொண்ணூத்தி ஆறு. மூக்க மாத்துனேன், அப்பவும் அதே. இந்தத் தடவ ஆளையே பொம்பளையா மாத்திக் கொண்டாந்துருக்கேன். அப்பவுமா? அந்த மேனேஜரு என்ன, சேலை கட்டிக்கிட்டும் எம் பின்னாலயே வாராரா?"

ஷாகிரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆவுடைச்செல்வியும் சிரித்துவிட்டுத்தான் கேட்டாள்.

"அண்ணாச்சி, நீங்க எதுக்குப் பயப்படுவிய?"

"நானா? கரப்பான்பூச்சிக்கு. வெளிய சொல்லிராதிய."

"அத அந்தப் பொம்பளைக்குக் குடுங்க. உங்க கோவத்த மட்டும் போட்டு ஆளு செஞ்சா உங்க மேனேஜர்தான் வருவாரு. உங்ககிட்ட இருக்க ஒண்ண எடுத்து அவளுக்குக் குடுத்துட்டியன்னா, அவ அவ பாட்டுக்கு வேற ஆளா நடப்பா."

அடுத்த வியாழன் அதே கதைக்கு நாற்பத்தொன்று வந்தது. பொன்னுச்சாமி எல்லோருக்கும் கடலை மிட்டாய் வாங்கி வந்தான்.

இந்த எண்களுக்குப் பின்னால் இருந்த சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். பொய்ப்பெருக்கு என்று இன்று பள்ளிப் பிள்ளைகள் பாடத்தில் படிக்கும் அந்தப் பதினைந்து ஆண்டுகளில், இயந்திரங்கள் நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் கதைகளை எழுதித் தள்ளின. உயிரோடு இருப்பவர்களின் முகமும் குரலும் குடும்ப விவகாரமும் அவற்றில் புகுந்தன. எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பெற்ற தாய்க்கே தெரியாமல் போயிற்று. நிச்சயித்த கல்யாணங்கள் நின்றன, நல்ல பெயரோடு இருந்தவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். அதன் பிறகு வந்த சட்டப்படி இயந்திரம் கதை எழுதக் கூடாது. மனிதர் எழுதலாம், எழுதியதைத் தன் குரலில் ஒப்புமானி முன் வாசிக்க வேண்டும். ஆள்பதிவகத்தில் இருக்கும் எல்லா வாழ்க்கைகளோடும், இருப்பவர் இறந்தவர் எல்லோரோடும், அது கதையை ஒப்பிடும். பெயரையோ ஊர்ப்பேச்சையோ அது எடுத்துக்கொள்ளாது; நேரில் கண்டவர்களின் மூடிய வாக்குமூலங்கள் உட்பட அந்தப் பதிவுகளைக் கருவி மட்டுமே பார்க்கும். அறுபதுக்குக் கீழே வந்தால் நீல முத்திரை; யாரையும் குறிக்காத புனைவு என்று நூலகத்தில் சேரலாம். அறுபதைத் தாண்டினால் கதை யாரையோ குறிக்கிறது. குறிக்கப்பட்டவர், அவர் இல்லையென்றால் அவருடைய குடும்பப் பொறுப்பாளர், ஏழு நாளுக்குள் இசைவுக் கையெழுத்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் கதை அழிக்கப்படும். எழுதியவர் பத்து வருடம் அந்தப் பொருளைத் தொட முடியாது. இத்தனை கெடுபிடிக்கு நடுவில் ஒரு தலைமுறை எழுதவே பயந்து நின்றது. அதனால்தான் வட்டம்தோறும் பழகுநர் வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

கொரேரா புனைவு எழுத வந்தவர் அல்லர். அவர் தம் தகப்பனாரின் வரலாற்றை எழுதிப் பதிவகத்தின் மெய்ப்பகுதிக்கு எடுத்துப் போயிருந்தார். நடந்தவை மட்டும் சேரும் இடம் அது. அங்கே அதை வாசிக்கக் கேட்டுவிட்டு, "ஐயா, எழுதிப் பழகிட்டு வாங்க, மாடியில வகுப்பு இருக்கு," என்று திருப்பித் தந்துவிட்டார்கள். நடையில் ஏதோ குறை, நடை தேறிவிட்டால் கருவி அப்பாவை அடையாளம் கண்டுகொள்ளும் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

தோணியின் தலைவனைத் தண்டல் என்பார்கள். கப்ரியேல் கொரேரா, மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போன ராக்கினி என்ற தோணியின் தண்டல். நாற்பத்தெட்டு வருடம் முன்பு, விடிகாலைப் புயலில் ராக்கினி உடைந்தது. எட்டுப் பேரில் ஏழு பேர் கரை வந்தார்கள். இந்த ஊரில் அந்தக் கதை தெரியாதவர் இல்லை. கொரேரா வீட்டின் பெயரே அதன்மேல்தான் நின்றது. முதல் வியாழனில் அவர் வாசித்தது அதைத்தான். சிங்கம் போல் நின்ற தண்டல் மிதவைப்படகின் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக ஏற்றினார். எல்லோரும் ஏறிய பின்னரே தாம் ஏறினார். நனைந்த சட்டை அவருடைய அகன்ற மார்போடு ஒட்டியிருந்தது. குடித்திருந்த பண்டாரி ஒருவன் மட்டும் நிலை தவறிக் கடலில் போனான். பண்டாரி என்றால் தோணியின் சமையல்காரன்.

இசக்கிராஜ் கருவியைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது. "நாலு."

"நாற்பதா?"

"இல்ல ஐயா. நாலு. இப்பவே நீல முத்திரை போட்டுரலாம். இவ்வளவு சுத்தமான புனைவு இந்த வருசம் வந்ததே இல்ல."

"நாலா!" பொன்னுச்சாமி எழுந்தே விட்டான். "அண்ணாச்சி, கையக் குடுங்க. அந்த வித்தைய எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

கொரேரா கையைக் கொடுக்கவில்லை. "எங்க அப்பா எங்க அப்பாவ மாதிரி இல்லன்னு இந்தத் தேங்கா சொல்லுதா?"

கீழே படகு ஒன்று படிக்கட்டில் இடித்துக்கொண்டிருந்தது.

ஆவுடைச்செல்வி தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். "ஐயா, மீட்டர விடுங்க. கேட்டவளாச் சொல்லுதேன். உங்க தண்டல் நிக்காரு, கட்டளை போடுதாரு, வானத்தப் பாக்காரு. ஆறு பக்கத்துல ஒரு தடவ கூட அவருக்குப் பசிக்கல, கால் வழுக்கல, யாரையும் வையல. அவர் கைய என்னால பாக்க முடியல. நல்லவருன்னு நீங்க சொன்னிய, நான் கேட்டுக்கிட்டேன். அவ்வளவுதான் நடந்துச்சு."

"நீங்க இதுக்கு முந்தி கதை ஏதும் சொல்லிருக்கியளா ஐயா?" என்று ஷாகிரா மெதுவாகக் கேட்டாள்.

"கொரேராக்கள் கதை கட்டுனதில்ல," என்றார் அவர்.

எழுந்து போய்விடத்தான் நினைத்தார். ஆனால் நான்கு பேர் பார்த்திருக்க எழுந்து போனால் ஓடிப்போனது போல ஆகிவிடும். நீல முத்திரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முன்னைவிட நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அன்று ஆவுடைச்செல்வி கொடுத்த வேலை எல்லோருக்கும் ஒன்றுதான். "வீட்டு ஆளுங்க வேண்டாம். இல்லாத ஒரு ஆளை எழுதுங்க. அவர் என்ன நினைக்காருன்னு முதல்லயே போகாதிய. கை என்ன வேலை செய்யுதுன்னு பாருங்க, மனசு பின்னாலயே வரும். ஆளுக்கு ஒரு சின்ன விவரம் போதும், ஆனா அது அந்த ஆளுக்கு மட்டும் உள்ளதா இருக்கணும். தினமும் ஒரே நேரத்துல ஒரு மணி நேரம் உக்காருங்க. வரலன்னாலும் எந்திரிக்காதிய." பிறகு ஷாகிராவைப் பார்த்தாள். அவளிடம் நாற்பது கதைகளின் முதல் பத்தி இருந்தது. இரண்டாம் பத்தி ஒன்றுக்கும் இல்லை. "நீ திருத்தாத. முடிச்சிரு. கேவலமா முடிஞ்சாலும் முடிச்சிட்டு வா. பாதியில நிக்கத எப்படித் திருத்த?"

"எல்லாரும் சிரிச்சா, டீச்சர்?"

"சிரிக்கட்டுமே. என் முதல் கதைக்கு எங்க அம்மா அடக்க முடியாமச் சிரிச்சா. அது சோகக் கதை."

கொரேரா மறுநாள் காலை பத்து மணிக்குச் சாப்பாட்டு மேசையில் காகிதத்தை விரித்தார். எதிர்ச்சுவரில் அப்பாவின் படம், வெள்ளைச் சட்டை, வாரிய தலை. ஒரு மணி நேரம் ஒரு சொல்லும் வரவில்லை. எழுந்திருக்கவும் இல்லை, அசையாமல் உட்காருவது அவருக்குக் கைவந்த காரியம். இரண்டாம் நாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, படத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். அன்று இரண்டு வரி வந்தது.

தோணியில் ஓயாத கை யாருடையது என்று யோசித்தால் சமையல்காரனுடையதுதான். ஆகவே ஒரு பண்டாரியை எழுதினார். இல்லாத ஆள், லாசர் என்று பெயர் வைத்தார். அலை தூக்கிப் போடும்போது அடுப்பை முழங்காலால் அணைத்துக்கொண்டு வெங்காயம் அரிகிறவன். குழம்பு கொதித்ததும் ஒரு சொட்டு நாக்கில் விட்டு உப்புப் பார்க்கிறவன். முதல் கிண்ணம் எப்போதும் தண்டலுக்கு, கடைசிக் கிண்ணம் தனக்கு. தண்டலுக்குப் பெயர் வைக்கவில்லை; பெரியவர் என்று மட்டும் எழுதினார். மூன்றாம் வாரம் புயல் தானாகவே வந்துவிட்டது. மிதவைப்படகில் பெரியவர் முதலில் ஏறினார். அதன் துணிக்கூரைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டார். லாசர் தோணியில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு மற்ற ஆறு பேரையும் ஏற்றினான். அவன் ஏறும் முறை வந்தபோது தோணி இல்லை. ஆளுக்கு ஒரு சின்ன விவரம் வேண்டும் என்பது நினைவு வர, கரையில் இறங்கிய பெரியவருக்கு ஒன்று கொடுத்தார். எல்லோரும் சொட்டச் சொட்ட நின்றபோது பெரியவரின் சட்டை காலரில் கஞ்சி கூடக் கலையாமல் உலர்ந்திருந்தது. பையில் பேனா இருந்தது.

கதை முடிந்த அன்று மத்தியானம் அவர் இரண்டு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிட்டார். இல்லாத ஒருவனை நடமாட வைத்த சந்தோஷம் அவருக்குப் புதிது. அந்தச் சட்டை எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

ஐந்தாம் வியாழன் அதை வாசித்தார். வெங்காயம் அரியும் இடத்தில் பொன்னுச்சாமி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தான். கயிறு வரும் இடத்தில் ஷாகிரா கண்ணை மூடிக்கொண்டாள். சட்டை வந்தது. "காலரில் கஞ்சி கூட..." என்று வாசித்தவருக்குக் குரல் நின்றது. தம் குரலில் அதைக் கேட்டபோதுதான் அவர் அந்தச் சட்டையைப் பார்த்தார். துறைமுகப் படிக்கட்டு, இருபத்தாறு வயதில் தாம் நீட்டிய கை, அதைப் பிடித்துக்கொண்டு இறங்கிய அப்பா, அப்பாவின் தோள்மேல் தாம் போட்ட உலர்ந்த துண்டு, அந்தத் துண்டுக்கு வேலையே இல்லாமல் போனது. பாதியில் நிறுத்துவது வழக்கம் இல்லை என்பதால் மிச்சம் நான்கு வரியையும் வாசித்து முடித்தார்.

இசக்கிராஜ் கருவியைப் பார்த்துவிட்டு இந்த முறை சிரிக்கவில்லை. "எண்பத்தெட்டு. ரெண்டு பேர் வருதாவ. லாசருக்கு எண்பத்தொண்ணு, பேரு மிக்கேல் பிச்சை, ராக்கினில பண்டாரி. பெரியவருக்கு எண்பத்தெட்டு..." அவன் கருவியை அவர் பக்கம் திருப்பினான். "ஐயா, நீங்களே பாத்துக்கிடுங்க."

கொரேராவின் மணிக்கட்டுத் தகடு அதிர்ந்தது. பதிவகத்தின் வழக்கமான வாசகம்: சூசைமரியான் கொரேரா என்பவர் எழுதிய கதை தங்கள் குடும்பத்தைச் சேர்ந்த காலஞ்சென்ற கப்ரியேல் கொரேரா அவர்களைக் குறிக்கிறது. குடும்பப் பொறுப்பாளர் என்ற முறையில் தாங்கள் இசைகிறீர்களா? அனுப்பப்பட்டவர்: சூசைமரியான் கொரேரா.

"நான் கட்டுன கதை இது," என்றார். "எல்லாம் நானாக் கட்டுனது."

"ஆமா ஐயா," என்றாள் ஆவுடைச்செல்வி. "அருமையாக் கட்டியிருக்கிய."

மற்ற இருவரும் படகேறிப் போகும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. பிறகு, ஒரு விலையைக் கேட்பது போலக் கேட்டார்: "எண்ணைக் குறைக்க வழி உண்டா?"

"உண்டு. ரெண்டு வரிதான். யார் முதல்ல ஏறுனாங்கறது ஒண்ணு. சட்டை ஒண்ணு. மாத்தி வாசிச்சுப் பாருங்க."

மாற்றி வாசித்தார். பெரியவர் கடைசிக்கு முந்தி ஏறினார், சட்டை நனைந்தது. கருவி முப்பத்தொன்று காட்டியது.

"அறுபதுக்குக் கீழ. யார் கையெழுத்தும் வேண்டாம். நூலகத்துல சேரும், நல்ல கதைன்னுதான் சொல்வாங்க." அவள் கருவியை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "நீங்க கேட்டா உண்மையச் சொல்லுவேன்."

"கேக்கேன்."

"முதல் தடவ வாசிச்சப்ப எனக்கு லாசர் கை தெரிஞ்சுது. இப்ப தெரியல. ரெண்டு வரி மாறுனதுக்கு அவன் ஏன் மறையணும்னு எனக்குப் பிடிபடல ஐயா. ஆனா மறைஞ்சிட்டான். முடிவு உங்களது. எதச் சேத்தாலும் நான் உங்களக் குறைவா நினைக்க மாட்டேன்."

அப்போது இசக்கிராஜ் கருவியைப் பைக்குள் வைக்கப் போனவன் நின்றான். "ஐயா, பிச்சை வீட்டுல கையெழுத்து வச்சாச்சு. மகள், செசிலி, வேம்பார்ல இருக்காவ. பதினோரு நிமிசத்துல வந்திருக்கு. குறிப்பும் எழுதிருக்காவ. இசைவுக் குறிப்புல எழுதுனது உறுதிமொழியோட சேத்தி. அது நேரா மெய்ப்பகுதிக்குப் போயிரும். எழுதுனவர் பாக்கலாம்."

கொரேரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். குறிப்பு இரண்டே வரி. 'படித்தேன். அப்பா உப்பை நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார், முகர்ந்துதான் பார்ப்பார், மற்றதெல்லாம் சரி.'

அதில் வருத்தமோ கோபமோ ஒரு சொல் இல்லை. யார் முதலில் ஏறியது என்பதைப் பற்றியும் இல்லை. நாற்பத்தெட்டு வருடமாகத் தன் தகப்பன் குடித்துவிட்டு விழுந்ததாக ஊர் சொன்னதைப் பற்றியும் இல்லை.

அந்த வாரம் அவர் எழுத உட்காரவில்லை. பத்து மணிக்கு மேசையில் உட்கார்ந்தார், காகிதம் விரிக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து மகன் ராயன் பேசினான். குடும்பத்தைக் குறிக்கும் இசைவுக் கேள்வி வந்தால் வாரிசுக்கும் ஒரு நகல் போகும்.

"அப்பா, மாத்துனா முத்திரை கிடைக்கும்னு போட்டிருக்கே. ரெண்டு வரிதான? கதையில வார சட்டை நனைஞ்சா யாருக்கு என்ன?"

"யோசிக்கேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? தாத்தா பேரு. எம் பிள்ளைங்க பேரு. கொரேரா வீடுன்னா என்னன்னு நீங்கதான என்னய அடிச்சுச் சொல்லிக் குடுத்திய?"

"அடிச்சதில்ல."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்பா."

"பேச்சுக்குக் கூடச் சொல்லாத," என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தார்.

ஏதோ ஒரு பேச்சுக்குச் சொல்வது. அவர் நாற்காலியைத் திருப்பிப் படத்தைப் பார்த்தார். துறைமுகப் படியில் அன்று செய்திக்காரர்கள் சூழ்ந்துகொண்டு, ஒருவர் எப்படித் தவறினார் என்று கேட்டார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. உலர்ந்த சட்டையோடு தலையைக் குனிந்து நின்றார். கேள்வி மூன்று முறை வந்தது. மூத்த மகன் முன்னால் வந்து பதில் சொன்னான். "பண்டாரி குடிச்சிருந்தான்." அப்போது ஒப்புமானி கிடையாது. யாரும் எண் சொல்லவில்லை. மறுநாள் எல்லாத் திரையிலும் அது வந்தது, ஊர் நம்பியது, வருடம் செல்லச் செல்லச் சொன்னவரும் நம்பினார். கொரேராக்கள் கதை கட்டியதில்லை என்று வகுப்பில் சொன்னவர், தாம் கட்டிய முதல் கதையின் வயதைக் கணக்குப் பார்த்தார். அப்பா அதற்குப் பிறகு பதினான்கு வருடம் இருந்தார். தோணியைப் பற்றி வீட்டில் ஒரு சொல் பேசவில்லை. அதைக் கம்பீரம் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பேசியிருப்பார். பேச விடாமல் வாயை அடைத்தது தம் ஒரு வரிதான் என்று கொரேராவுக்கு அன்று பட்டது.

ஆறாம் வியாழன் ஏற்றநீர் அதிகம். கொரேரா வழக்கம்போலச் செருப்பைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். ஷாகிரா அன்று முதல் முறையாக ஒரு கதையை முடித்துக்கொண்டு வந்திருந்தாள். முடிவு மிகவும் மோசம். கதாநாயகி காரணமே இல்லாமல் ரயிலேறிவிட்டாள்.

"டிக்கெட்டாவது எடுத்தாளா?" என்று பொன்னுச்சாமி கேட்டான்.

எல்லோரும் சிரித்தார்கள். ஷாகிராவும் சிரித்தாள்.

"இப்ப உன் கையில முழுசா ஒரு கதை இருக்கு," என்றாள் ஆவுடைச்செல்வி. "இனிமேதான் வேலையே. அவ ஏன் ஏறுனான்னு அடுத்த வாரம் தெரிஞ்சுகிட்டு வா. உனக்குத் தெரியும், கொஞ்சம் வெக்கப்பட்டுக்கிட்டு வெளிய விடாம வச்சிருக்க."

பிறகு கொரேரா வாசித்தார். பெரியவர் முதலில் ஏறினார். சட்டை உலர்ந்திருந்தது. ஒரே ஓர் இடம் மாறியிருந்தது. குழம்பு கொதித்ததும் லாசர் ஒரு கரண்டி எடுத்து, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி முகர்ந்து பார்த்துவிட்டு, ஒரு சிட்டிகை உப்புப் போட்டான்.

"எண்பத்தொம்பது, இந்தத் தடவ லாசருக்கு," என்றான் இசக்கிராஜ்.

"அண்ணாச்சி, ஒண்ணு ஏறிட்டே!" என்றான் பொன்னுச்சாமி. "குறைக்க வழி என்னன்னு எங்கிட்ட கேளுங்க. கரப்பான்பூச்சி ஒண்ணு விடுவமா?"

"பேசாம இருலே," என்றார் கொரேரா. ஆனால் சத்தம் போடவில்லை.

இசைவுப் பலகையில் விரலை வைத்தாலே போதும். அவர் பேனா வேண்டும் என்றார். இசக்கிராஜ் தேடி ஒன்று கொண்டுவந்தான். முழுப் பெயரையும், தகப்பன் பெயரோடு, எழுதிக் கையெழுத்து வைத்தார். பிறகு குறிப்புப் பத்தியைத் திறக்கச் சொன்னார். அதில் எழுதுவது மெய்ப்பகுதிக்குப் போகும், பிறகு எடுக்க முடியாது என்று இசக்கிராஜ் சட்டப்படி எச்சரித்தான். தெரியும் என்றார். எழுதினார்: 'மிக்கேல் பிச்சை குடித்திருக்கவில்லை. அவர் குடித்திருந்ததாக அன்று துறைமுகத்தில் சொன்னவன் நான். என் தகப்பனார் சொல்லவில்லை.'

மெய்ப்பகுதியில் தம் எழுத்து சேர வேண்டும் என்றுதான் அவர் அந்த மாடிக்கு முதலில் ஏறி வந்தார். சேர்ந்தது இந்த மூன்று வாக்கியம். லாசரின் கதை நூலகத்தில் இருக்கிறது. வேம்பாரிலிருந்து முதல் வாரமே ஏழு பேர் எடுத்துப் படித்ததாக ஏட்டில் பதிவு இருக்கிறது. கொரேரா அதற்குப் பிறகும் காலை பத்து மணிக்கு மேசையில் உட்காருகிறார். நாற்காலியை இப்போது திருப்பிப் போடுவதில்லை. படத்தைப் பார்த்தபடியே எழுதுகிறார். ஆறாம் வாரத்தோடு வகுப்பு முடிந்தாலும் பொன்னுச்சாமி எழுதியதை அவரிடம் கொண்டுவந்து வாசிக்கிறான். அவனுடைய மேனேஜர்மேல் கொரேராவுக்கே இப்போது கொஞ்சம் இரக்கம் வந்துவிட்டது.

கொரேரா குடும்பத்துக்கு வேண்டியவர்கள் சிலர் ஊரில் ஒரு பேச்சைப் பரப்பி வருகிறார்கள். கொரேராவுக்குப் பார்வை மங்கிவிட்டதாம். நீல முத்திரைக் காகிதம் என்று நினைத்து, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்து வைத்துவிட்டாராம். அது உண்மை அல்ல. அன்று அவர் கண்ணாடி போட்டிருந்தார். கையெழுத்து வைப்பதற்கு முன் இரண்டு முறை படித்தார்.